‘யோசிச்சு சொல்றேன் சார்’: தோற்றமும் வளர்ச்சியும்

அவகாசம் கேட்டல் என்பது, இன்டர்ன்ஷிப்புக்கு வரச்சொல்லி ஒரு நிறுவனம் அழைப்பு அனுப்பியபின், மாணவர் வருகிறேன் என்றும் சொல்லாமல் வரவில்லை என்றும் சொல்லாமல், இரண்டுக்கும் நடுவில் சில நாள் உட்கார்ந்துகொள்ள அனுமதி கேட்பது. இதற்குக் கேட்பவர் ஒருவர், கேட்கப்படுபவர் ஒருவர், பதில் வரவேண்டிய வேறொரு நிறுவனம் ஒன்று ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவது இல்லாமல் அவகாசம் கேட்கப்பட்டதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை. மாணவர் உண்மையிலேயே யோசிப்பதற்காகத்தான் நேரம் கேட்கிறார் என்பாரும் உளர். அவர்கள் மாணவர்களை நூலகத்தில் மட்டுமே பார்த்தவர்கள் ஆதலின் அக்கூற்று இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இயல் 1: பெயர்

இன்டர்ன்ஷிப்பை உள்ளகப் பயிற்சி என்றும் உள்ளுறைப் பயிற்சி என்றும் தமிழாக்குவர். பின்னதே சிறந்தது. என்னை? தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமம், வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை வைப்பது. அழைப்புக் கடிதத்திலும் வெளியே ‘கற்றுக்கொள்ள அரிய வாய்ப்பு’ என்று இருக்கும். உள்ளே எக்செல் ஷீட் இருக்கும்.

அவகாசம் என்பது இடம், இடைவெளி என்னும் பொருளுடைய வடசொல். இதை ஏற்காத ஒரு சாரார் ‘அவம்’, ‘காசு’ எனப் பிரித்து, காசு வீணே கழியும் காலம் என்று பொருள் கொள்வர். ஸ்டைபண்ட் இல்லாத இன்டர்ன்ஷிப்புகளைத் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டுவர். சான்று வலுவானதுதான். ஆனால் இம்முறையில் சொற்பிறப்பு காணத் தொடங்கினால் உலகத்து மொழிகள் எல்லாவற்றையும் மதியச் சாப்பாட்டுக்குள் தமிழிலிருந்து பிறக்க வைத்துவிடலாம். வைத்தும் இருக்கிறார்கள்.

வழக்கில் மாணவர் எவரும் அவகாசம் என்னும் சொல்லை ஆள்வதில்லை. ‘கொஞ்சம் டைம் வேணும் சார்’ என்பதே உலக வழக்கு. அவகாசம் என்பது விடுப்பு விண்ணப்பத்திலும் ஆய்வேட்டை இன்னும் முடிக்காத ஆய்வாளரின் கடிதத்திலும் மட்டுமே இன்று உயிரோடு இருக்கிறது.

இயல் 2: தோற்றம்

இவ்வழக்கம் ஐ.டி. கம்பெனிகளோடு வந்தது என்பது பிழை. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் கேசரியும் தின்று, காபியும் குடித்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே ‘ஊருக்குப் போய் சொல்லி அனுப்புறோம்’ என்று சொன்னது இதன் பழைய வடிவம். அங்கே அவகாசம் கேட்டவர் மாப்பிள்ளை வீட்டார். கேட்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே இருந்தது. தட்டில் பஜ்ஜி எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்தே பெண்ணின் அம்மாவுக்குப் பதில் தெரிந்துவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.

இடைக்கால வடிவம் சேலைக்கடையில் காணப்படுகிறது. நாற்பது சேலைகளைப் பிரித்துப் போடச்சொல்லிப் பார்த்தபின் ‘இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வரோம்ணே’ என்று எழுவது. இங்கே மூன்றாவது இடம் வெளிப்படையாகவே கூறப்படுவதைக் காண்க. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் மடிக்கத் தொடங்குவார். மடிக்கும் வேகத்தில் அவர் கருத்து இருக்கும்.

மாணவர் இவ்விரண்டையும் சிறு வயதிலேயே ஓரமாக உட்கார்ந்து பார்த்துப் பயின்றவர். பிளேஸ்மென்ட் செல் நடத்தும் மென்திறன் வகுப்பில் பயின்றார் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இயல் 3: இலக்கணம்

‘யோசிச்சு சொல்றேன்’ என்பது நன்னூல் கூறும் எட்டு வகை விடைகளுள் எது என்பதே இத்துறையின் தலையாய சிக்கல்.

முதலில் வினாவைத் தெளிய வேண்டும். நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுத்தார். ‘எங்கள் நிறுவனத்தில் சேர விருப்பமா?’ என்பது, ஒன்றைக் கொடுக்க விரும்பிக் கேட்பதால் கொடைவினா என்று நிறுவனம் கருதுகிறது. மாதம் 8,000 ரூபாய் ஸ்டைபண்ட்டையும், சோழிங்கநல்லூரில் பி.ஜி. வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த தந்தை, இது கொளல்வினா என்பார். பையனிடமிருந்து எதையோ வாங்கத்தான் கேட்கிறார்கள் என்பது அவர் உரை. ‘இன்றே உறுதிசெய்யவும்’ என்ற கடைசி வரியைக் கொண்டு இதை ஏவல்வினா என்பதே பொருந்தும்.

இனி விடை. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையாவன. ‘சேருகிறேன்’ என்பது நேர்விடை. அதைச் சொல்லக்கூடியவர் டைம் கேட்க மாட்டார். ‘சேர மாட்டேன்’ என்பது மறைவிடை, ஹெச்.ஆரிடம் இதை வாய்திறந்து சொன்ன மாணவரைத் தேடும் பணி நடைபெற்று வருகிறது. ‘ஸ்டைபண்ட் எவ்வளவு சார்?’ என்பது வினா எதிர் வினாதல். ‘அடுத்த மாசம் செமஸ்டர் வருது’ என்பது உறுவது கூறல். ‘இன்னொரு கம்பெனியில் ஃபைனல் ரவுண்டு முடிஞ்சிருக்கு’ என்பது இனமொழி. ஆயின் ‘யோசிச்சு சொல்றேன்’ எதில் அடங்கும்?

முன்வரிசை உரை, இதனை உறுவது கூறல் என்னும். இனி நிகழவிருக்கும் யோசனையைக் கூறுதலின். இது பொருந்தாது. உறுவது கூறல் என்றால் கூறியது உறவேண்டும். யோசனை உற்றதாக யாண்டும் காணப்படவில்லை.

கடைசி பெஞ்சு உரை, இது மறைவிடையே என்று அடித்துச் சொல்லும். பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லி அனுப்புவதாகச் சொன்னதை அது மேற்கோள் காட்டும். இதுவும் முழுதும் பொருந்தாது. எதிர்பார்த்த வேறு கம்பெனி கைவிட்டபோது இதே விடை ஓர் இரவில் நேர்விடையாக மாறியதை அதே கடைசி பெஞ்சு கண்டிருக்கிறது.

கடைசி பெஞ்சு உரை ஏட்டில் இல்லை, மேசையில் இருக்கிறது. மெக்கானிக்கல் பிளாக், இரண்டாம் தளம், இடப்புறம் நான்காவது மேசை, சன்னலோர இருக்கை, காம்பஸ் முனைக் கீறல், மேலடுக்கு. கீழடுக்கில் ஓர் அம்பு பாய்ந்த இதயமும், அதற்கும் கீழே ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் சூத்திரம் ஒன்றின் பாதியும் உள்ளன. ‘...சொல்றேன்னா வரலேன்னு அர்த்தம்’ என்பது எஞ்சிய பாடம். முதற்சொல்லின் மேல் சூயிங்கம் ஒட்டியிருப்பதால் அது ‘யோசிச்சு’ என்பதா ‘நாளைக்கு’ என்பதா என்ற விவாதம் எழுந்தது. சூயிங்கத்தைச் சுரண்டிப் பார்க்கலாமே என்று கேட்டவர், தொல்சான்றைச் சிதைக்கத் துணிந்தவர் என்று கண்டிக்கப்பட்டார். சூயிங்கம் மூலத்துக்குப் பிந்தியது என்று ஒரு கட்சியும், மூலமே சூயிங்கத்தைச் சுற்றி எழுதப்பட்டது என்று மறு கட்சியும் கருத்தரங்கம் நடத்தின. இரண்டிலும் மதிய உணவு நன்றாக இருந்ததாகத் தெரிகிறது. இவ்வாய்வு கட்டுரையாக வந்தபோது, அந்த மேசையை ஒருபோதும் பார்த்திராத துறைத்தலைவரின் பெயர் முதலிலும், பார்த்த மாணவரின் பெயர் நன்றியுரையிலும் இடம்பெற்றன. இது மரபு.

அடுத்துக் காலம். ‘சொல்றேன்’ என்பது ‘சொல்கிறேன்’ என்பதன் மரூஉ, நிகழ்காலம். ஆனால் பொருள் எதிர்காலம். இப்படி ஒரு காலம் வேறொரு காலமாக மயங்குவதை நன்னூலார் நான்கு காரணம் பற்றி அமைத்துக்கொள்வார்: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. ‘நாளை வருகிறேன்’ என்பது வருவது உறுதி என்னும் தெளிவால் அமைந்தது. ‘சொல்றேன்’ அப்படி அமையுமா? விரைவு இல்லை, டைம் கேட்பவருக்கு என்ன விரைவு? மிகுதி இல்லை. தெளிவு அறவே இல்லை. எஞ்சுவது இயல்பு. அதாவது இவர்கள் இயல்பே இப்படித்தான் என்று அமைதி கூற வேண்டியிருக்கிறது. இலக்கணம் இவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்ட இடம் வேறில்லை.

‘யோசிச்சு’ என்னும் வினையெச்சமோ இறந்தகாலம் காட்டுவது. சொல்லுதல் நிகழும்போது யோசித்தல் முடிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் வினைமுதல் ஒருவராகவே இருத்தல் வேண்டும். யோசித்தவர் அப்பா, சொன்னவர் பிள்ளை என்று வந்தால் தொடர் வழுவாகிவிடும். ‘யோசிக்கச் செய்து சொல்றேன்’ என்று திருத்தினால் இலக்கணம் பிழைக்கும், இன்டர்ன்ஷிப் பிழைக்காது.

ஆகவே ஒன்பதாவதாக ‘நீட்டல் விடை’ என ஒன்று கொள்வதே தக்கது. நீட்டல் என்பது செய்யுள் விகாரங்களுள் முன்பே உள்ள பெயர். ‘24 மணி நேரத்துக்குள் பதில் தரவும்’ என்னும் நிறுவனத்தின் பதிலுக்கும் அங்கேயே குறுக்கல் என்று ஒரு பெயர் காத்திருக்கிறது. நன்னூலாராகிய பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டினர். கேம்பஸ் இன்டர்வியூவைக் கண்டவர் அல்லர் என்பதால் அவர்மேல் குற்றம் இல்லை. அவர் இதை அறிந்தே விட்டுவிட்டார் என்று நிறுவச் சேனாவரையர் பாணியில் பத்துப் பக்கம் எழுதலாம். அதற்கு மானியமும் கிடைக்கும்.

இயல் 4: சட்டம்

கேட்ட அவகாசத்தை நிறுவனம் கொடுத்தால் அது செல்லுமா என்பது அடுத்த வினா. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 5ஆம் பிரிவில், ஏற்பு முழுமையடையும்வரை முன்மொழிந்தவர் தம் முன்மொழிவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கிறது. 6ஆம் பிரிவின்படி, குறித்த காலம் கடந்தால் அது தானே அற்றுப்போகும். காலம் குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலம் கடந்ததும் அற்றுப்போகும். நியாயமான காலம் எத்தனை நாள் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதுவும் யோசித்துச் சொல்லும் போலிருக்கிறது.

இங்கிலாந்தில் டாட்ஸ் என்பவர் தம் வீட்டை விற்க முன்வந்து, வெள்ளிக்கிழமை காலை 9 மணி வரை டிக்கின்சனுக்காக வைத்திருப்பதாக எழுதிக்கொடுத்தார். வியாழனன்றே வேறொருவருக்கு விற்றுவிட்டார். டிக்கின்சன் வழக்குப் போட்டார். 1876இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வைத்திருப்பதாகச் சொன்ன வாக்குக்குக் கைமாறு எதுவும் தரப்படாததால் அது டாட்ஸைக் கட்டுப்படுத்தாது என்றது. அதாவது, ‘வெள்ளி வரைக்கும் டைம் எடுத்துக்கோங்க’ என்று ஹெச்.ஆர். சொன்னதை நம்பி வியாழன் இரவு நிம்மதியாகத் தூங்குகிறவர், டிக்கின்சன் படுத்த பாயிலேயே படுக்கிறார். ஓர் அட்வான்ஸ் ரூபாய் கொடுத்திருந்தால் கதை வேறு. இன்டர்ன்ஷிப்புக்கு மாணவரே அட்வான்ஸ் கொடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவை ஆய்வுப் பரப்புக்குள் வரவில்லை, காவல் நிலையப் பரப்புக்குள் வருகின்றன.

டைம் கேட்டாலே ஆஃபர் போய்விடுமோ என்ற அச்சத்துக்கும் பழைய விடை உண்டு. 1880இல் ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் வழக்கில், இரும்பு வாங்கவிருந்தவர்கள் டெலிவரியை இரண்டு மாதத்துக்குப் பரப்பித் தர இயலுமா என்று தந்தி அடித்துக் கேட்டார்கள். கேட்டதனால் முன்மொழிவு செத்துவிடவில்லை, அது வெறும் விசாரிப்பே என்று தீர்ப்பாயிற்று. ‘ஸ்டைபண்டைக் கூட்டினால்தான் வருவேன்’ என்பது எதிர்முன்மொழிவு; பழையதைக் கொன்றுவிடும். ‘வியாழன் வரை டைம் கிடைக்குமா?’ என்பது விசாரிப்பு, கொல்லாது. இந்த வேறுபாட்டை அறிந்து கேட்பவர் சட்டக் கல்லூரி மாணவர். அவருக்குப் பெரும்பாலும் ஸ்டைபண்டே இருக்காது.

இயல் 5: பொழுது

அழைப்பு மின்னஞ்சல் வெள்ளி மாலை வரும். மாலை, காத்திருத்தலை உரிப்பொருளாகக் கொண்ட முல்லைக்கு உரியது.

இயல் 6: மூலபாடம்

அவகாசம் கேட்கும் மின்னஞ்சலின் செம்பதிப்பு இன்னும் வரவில்லை. ஒரு மின்னஞ்சலுக்குக் குறைந்தது நான்கு படிகள் இருப்பதே காரணம். முதற்படி விடுதி அறையில், ‘டேய் இது ஓகேவா பாரு’ என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் பிறக்கிறது. அதில் மனம் வெளிப்படையாக இருக்கும்: ‘சார் எனக்கு வேற எடத்துல ரிசல்ட் வரணும், செவ்வா வரைக்கும் வெயிட் பண்ணுங்க’. இரண்டாம் படியில் நண்பர், ‘ரெஸ்பெக்டட் சார்/மேடம்’ என்று தொடங்கித் தருகிறார். பெறுபவர் ஆணா பெண்ணா என்பது கடிதத்தின் அடியில் பெயரோடு இருந்தும் சாய்கோடு விடப்படுவதில்லை. ‘கைண்ட்லி’ மூன்று இடத்தில் நுழைவதும் இப்படியில்தான். மூன்றாம் படி பெங்களூரில் வேலை பார்க்கும் அக்காவுடையது. அவர் இரண்டு ‘கைண்ட்லி’களை நீக்கி, ‘உங்கள் அழைப்புக்கு மிக்க நன்றி, இந்த வாய்ப்பு எனக்கு மகிழ்ச்சி தருகிறது’ என்று ஒரு வரி சேர்க்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு சேர்க்கப்பட்ட வரி இது என்பது நடையால் விளங்கும்.

நான்காம் படியின் ஆசிரியர் சாட்ஜிபிடி. இப்படியில் மாணவர், நிறுவனத்தின் தொலைநோக்கைக் கண்டு உளம் நெகிழ்ந்து, தம் தொழில்வாழ்வின் நீண்டகால இலக்குகளோடு இந்த வாய்ப்பு எப்படி ஒத்திசைகிறது என்பதைச் சிந்தையூன்றிப் பரிசீலிக்க விழைகிறார். அவருக்கு இரண்டு அரியர் இருப்பது இப்படியில் இல்லை. அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள் சிலவற்றில், முடிவில் சதுர அடைப்புக்குள் ‘யுவர் நேம்’ என்று அப்படியே காணப்படுகிறது. இதை இடைச்செருகல் என்று ஒதுக்குவாரும், ஆசிரியர் தம் பெயரை மறைத்துக்கொள்ளும் அவையடக்கம் என்று போற்றுவாரும் உளர். ஜிமெயில் அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 நொடி தருகிறது; அந்த அடைப்பு கண்ணில் படுவதோ 31ஆவது நொடியில்.

சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்க உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார். இங்கே நான்கு படிகளும் ஒரே போனில் இருந்தும் ஒப்பிட்டுப் பார்ப்பார் இல்லை.

இயல் 7: காரணங்கள்

கூறப்படும் காரணங்களுள் முதன்மையானது ‘வீட்ல கேட்டு சொல்றேன்’. இதில் வீடு என்பது ஆகுபெயர், தந்தையைக் குறிக்கும். தந்தையிடம் கேட்டால் ‘உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்’ என்பார். இது மேலே கண்ட எட்டனுள் ஏவல் விடை. ஆனால் மகன் தனக்குப் பட்டதைச் சொன்னதும் அது மறைவிடையாக மாறிவிடும்.

‘காலேஜ்ல என்.ஓ.சி. வாங்கணும்’ என்பது இரண்டாவது. இது ஒன்றே முழு உண்மை. ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போட மாட்டார் என்பதல்ல, அவர் அறையில் இருக்க மாட்டார் என்பதே இதன் நுட்பம். மேசைமேல் கண்ணாடி இருக்கும், மின்விசிறி சுழலும், ‘இப்பத்தான் எழுந்து போனார்’ என்று அட்டெண்டர் சொல்வார். மாணவர் காலை 10 மணிக்கும், உணவு இடைவேளையிலும், மாலை பஸ் புறப்படும் முன்னும் அதே மின்விசிறியைப் பார்த்துவிட்டு வருவார். மூன்றாம் நாள் கையெழுத்துக் கிடைத்ததும் சீல் வைக்க வேண்டும். சீல் பீரோவுக்குள் இருக்கும். பீரோச் சாவி லீவில் இருக்கும்.

தூரம், ஹாஸ்டல், உணவு: ஒருங்கே கூறப்படும், ஒருவரும் நம்புவதில்லை.

உண்மைக் காரணம் ஒன்றே. முன்பு இன்டர்வியூ முடித்த இடத்திலிருந்து பதில் வரவில்லை. அங்கே ‘எப்போ சார் சொல்லுவீங்க?’ என்று கேட்டபோது ‘இன்டர்னலா டிஸ்கஸ் பண்ணிட்டு சொல்றோம்’ என்றார்கள். அதாவது அவர்களும் யோசித்துச் சொல்கிறார்கள். அவர்கள் வேறொரு மாணவரின் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த மாணவர் அவர்களிடம் டைம் கேட்டிருக்கிறார். இச்சங்கிலி எங்கே தொடங்குகிறது என்று தேடிச் சென்ற ஆய்வுகள் சுற்றி வந்து தொடங்கிய விடுதியின் பக்கத்து அறையில் முடிந்திருக்கின்றன.

மறுதரப்பைப் பற்றி ஒன்று. பதில் மின்னஞ்சலின் அடியில் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘ஹெச்.ஆர். இன்டர்ன்’ என்று இருப்பதை மாணவர்கள் வாசிப்பதில்லை.

இயல் 8: எல்லை

கேட்கும் கால அளவு ‘ரெண்டு நாள்’. தமிழில் ரெண்டு என்பது எண்ணுப்பெயர் அன்று. ‘ரெண்டு இட்லி வை’ என்றால் நான்கு, ‘ரெண்டு நிமிஷம்’ என்றால் அரை மணி. ஆகவே ரெண்டு நாள் என்பதை ஒரு வாரம் என்று கொள்க. இதை அறிந்த நிறுவனம் ‘ஓகே. வெள்ளிக்குள் சொல்லுங்கள்’ என்று பதில் எழுதும். வெள்ளி பகல் 12 மணி என்று நேரமும் குறித்திருந்தால், அன்று 10.30 முதல் 12 வரை ராகு காலம் என்பதால் வீட்டில் பாட்டி இருக்கும் மாணவருக்கு ஒன்றரை மணி நேரம் நட்டம்.

நேரம் குறிக்காதபோதுதான் ‘வெள்ளிக்குள்’ என்பது சிக்கலாகிறது. வெள்ளிக்கு முன் முடிய வேண்டும் என்பது ஒரு கட்சி, ஹெச்.ஆர். வீட்டுக்குக் கிளம்பும் 6 மணி என்பது இன்னொன்று. ‘உள்’ என்பது ஏழாம் வேற்றுமை இடப்பொருளில் வந்தது, நள்ளிரவு வரை வெள்ளியின் உள்ளேதான் இருக்கிறோம் என்பது கடைசி பெஞ்சு உரை. மாணவர்கள் பின்பற்றுவது இதையே. வெள்ளி இரவு 11.52க்கு ‘சேருகிறேன்’ என்று போகும் மின்னஞ்சலை ஹெச்.ஆர். இன்டர்ன் திங்கள் காலை 10 மணிக்குத் திறக்கிறார். இடையில் கிடந்த சனி, ஞாயிறு இரண்டும் யாருடைய அவகாசத்தில் சேரும் என்பது பற்றி உரைகாரர் ஒருவரும் எழுதவில்லை.